பின்னறையில் ஏழு குடம்

கோயம்புத்தூர்
11 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

"எதா இருந்தாலும் எழுத்து மூலமா குடு" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். போலீஸ் வேலையில் இருந்த காலமெல்லாம் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பீர்களோ, கூடப் பிறந்தவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. எழுத்து மூலமாகவே கொடுக்கிறேன். ஒருவகையில் இதுவும் நல்லதுதான். போனில் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் கட் பண்ணுவேன். அப்புறம் மதினி பாவம், நடுவில் நின்று "அவ அந்த அர்த்தத்துல சொல்லல", "அவுக அப்படி நினைக்கல" என்று இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

குற்றாலத்து வீட்டில் முன்னறைத் தரையை உடைத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். மதினியைத் திட்டாதீர்கள்.

அப்பாவின் முதல் வருஷத் திதி அன்று என்ன பேசினோம்? ராயகிரி வயல் உங்களுக்கு, குற்றாலம் ஐந்தருவி ரோட்டு வீடு எனக்கு. முதலில் சொன்னது நீங்கள்தான். "பொம்பளப்பிள்ள, தனியா இருக்கா, ஒரு வீடு வேணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நம்பித்தான் இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன், ஜூனில் தென்காசிக் கல்லூரியில் சேருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். விவாகரத்துக்குப் பிறகு இத்தனை வருஷமாக வாடகை வீடுகளில், ஒரு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு வாழ்ந்தவள் நான். இப்போது பத்திரம் பதிய எப்போது வரட்டும் என்று கேட்டால், "புதையலை எடுத்துட்டு எழுதித் தாரேன்" என்கிறீர்கள்.

அண்ணே, எந்தப் புதையல்?

எனக்குத் தெரிந்த கதை இதுதான். ஏதோ ஒரு ஜமீன்தாரின் இளைய மனைவி மலை தாண்டி மலையாளத்துக்குத் தப்பிப் போனாளாம். ஏழு பித்தளைக் குடம் நிறையத் தங்கத்தைச் சுமக்க முடியாமல், இப்போது நம் வீடு இருக்கிற இடத்தில் புதைத்துவிட்டுப் போனாளாம். எந்த ஜமீன் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்லுவார்கள். சுமக்க முடியாதவள் அதுவரைக்கும் எப்படிச் சுமந்து வந்தாள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நான் புள்ளியியல் பாடம் நடத்துகிறவள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்தக் கதையை உங்களுக்கு முதன்முதலில் சொன்னது யார்? அதற்குப் பதில் வரும்வரை கடப்பாரையைக் கீழே வையுங்கள். ஜூனில் நான் வந்து நிற்க எனக்கு ஒரு தரை வேண்டும்.

வள்ளி


குத்துக்கல்வலசை
19.2.2025

அன்புத் தங்கச்சி ஆனந்தவள்ளிக்கு அண்ணன் சங்கிலிப்பாண்டி எழுதுவது. இங்கு யாவரும் நலம்.

உன் கடிதம் கிடைத்தது. நேர்ல 'நீ'ம்பே, இதுல 'நீங்கள் நீங்கள்'னு எழுதிருக்கே. முதல் வரியிலேயே கோவம்னு தெரிஞ்சுபோச்சு.

உடைத்தது முன்னறை அல்ல, நடு அறை. உன் உளவாளிக்கு முன்னறைக்கும் நடு அறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த உளவாளிதான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட எடுத்துக்கிட்டுப் போறா.

கதையை யார் சொன்னது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. பதில் சொல்லுதேன். சின்ன வயசுல சீசன் வந்தா, குற்றாலத்து வீட்டை வெளியூர்க்காரங்களுக்கு விட்டுட்டு நாம இங்கன குத்துக்கல்வலசையில இருப்போம். பால், சாவி, விறகு எல்லாம் கொண்டுபோய்க் குடுக்கிறது நான்தான். நீ அப்ப சின்னப்பிள்ளை. போற இடத்துல எல்லாம் கேப்பாக, "தம்பி, அந்தப் புதையல் எங்கன இருக்கு?" காயல்பட்டினத்துக்காரர் கேட்டார். சிவகாசிக்காரர் கேட்டார். நாகர்கோவில் டீச்சர் ஒருத்தர் கேட்டார். ஒருத்தரை ஒருத்தர் கண்டதே கிடையாது. எல்லாரும் சொன்னது ஒண்ணு போல: ஏழு குடம், இளைய பொண்டாட்டி, பின்பக்கம். சம்பந்தமே இல்லாத சாட்சிகள் ஒரே மாதிரிச் சொன்னா அதைக் கோர்ட்டே ஒத்துக்கிடும். நீ ஒத்துக்க மாட்டியாக்கும்.

நடு அறையில் கைப்பற்றியவை: சோப்பு டப்பா ஒன்று, கொலுசுத் திருகாணி ஒன்று. திருகாணி வெள்ளி. ஆரம்பம்.

அடுத்தது பின்னறை. அந்தத் தரையைத் தட்டினா 'டொங்கு'ங்குது. மத்த அறையெல்லாம் 'டக்கு'ங்குது. வித்தியாசம் உனக்கு இங்கன வந்து கேட்டாத்தான் தெரியும்.

இன்னொண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதே. ரிட்டயர் ஆகி வந்ததுல இருந்து காலையில எந்திரிச்சா என்ன செய்யன்னு தெரியல. பேப்பரைப் படிச்சு முடிச்சா மணி எட்டுதான் ஆகுது. பய முத்துச்செல்வம் பட்டாளத்துல இருந்து வாரத்துக்கு ஒருக்க போன் போடுதான், அவன் அம்மாகிட்டப் பேசிட்டு வச்சிருதான். இப்பத்தான் எனக்குன்னு ஒரு கேஸ் இருக்கு.

உன் வீட்டை நான் ஒண்ணும் செய்துற மாட்டேன். எடுத்ததும் மூடிக் குடுத்திருவேன்.

அண்ணன்


கோயம்புத்தூர்
9 மார்ச் 2025

அண்ணனுக்கு,

கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். எட்டு மணிக்கு முடிந்துபோகிற பேப்பரைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்ட முடியவில்லை. ஆனால் பின்னறைச் சத்தத்தை நான் மன்னிக்கவில்லை.

உன் சாட்சிகளை நான் விசாரித்துவிட்டேன்.

காயல்பட்டினத்துக்காரர் வீட்டு ஹஃப்சா நினைவிருக்கிறதா? என் வயசு. ஒவ்வொரு சீசனுக்கும் வந்து என் பாவாடையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாளே, அவள் கல்யாணமாகி இங்கே கோவையில்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் போனேன். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"புதையல் இருக்குன்னு உனக்கு யார் சொன்னது, ஹஃப்சா?"

"வாப்பாதான்."

"வாப்பாவுக்கு?"

"உங்க அப்பாதான். வேற யாரு? அந்த வருஷம் அருவியில சொட்டுத் தண்ணி இல்ல. நாங்க தலை நிறைய எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுப் போயி மெயினருவியில நிக்கிறோம், பாறைதான் இருக்கு. எண்ணெய் வழிய வழியத் திரும்பி வந்து குழாயடியில குளிச்சோம். வாப்பா 'சாமானைக் கட்டுங்க, ஊருக்குப் போவோம்'னாங்க. சாயங்காலம் உங்க அப்பாவும் வாப்பாவும் வாசல்ல உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசுனாங்க. உள்ள வந்து வாப்பா மெதுவா சொன்னாங்க, இந்த வீட்டுக்கடியில என்னமோ இருக்குன்னு. அப்புறம் நாங்க போகவே இல்லையே. அந்த வாரம் பூரா அங்கதான்."

சிவகாசிக்காரர் மகன் விஜயசங்கருக்குப் போன் போட்டேன். அவர்கள் வீட்டிலும் அதே கதை. அந்த வருஷமும் தண்ணீர் இல்லை. பாம்பு காவல் இருப்பதாகச் சொல்கிறார்களே என்று கேட்டேன். "பாம்பை எங்க மாமா சேர்த்தார் மேடம். அவ்வளவு தங்கத்துக்குக் காவலுக்கு ஒண்ணாவது வேண்டாமான்னு" என்றார்.

தண்ணீர் கொட்டிய வருஷத்தில் வந்தவர்களையும் தேடிப் பிடித்தேன். அவர்களுக்குப் புதையல் என்றால் என்னவென்றே தெரியவில்லை. குளித்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், மறுபடி குளித்தார்கள்.

உன் சாட்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, சரி. ஆனால் அத்தனை பேரும் தங்கியது ஒரே வீட்டில், அண்ணே. நம் வீட்டில். நீ திருடர்களைப் பிடித்ததெல்லாம் இந்தக் கணக்கில்தானா?

நான் கண்டது இதுதான். அருவியில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாமல் இருக்க அப்பா ஒரு கதை சொன்னார். அவ்வளவுதான். எனக்கு இதில் அப்பா மேல் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட இருக்கிறது. ஆனால் அந்தக் கதைக்கு அடியில் ஒன்றுமில்லை. பின்னறையை விட்டுவிடு.

வள்ளி


குத்துக்கல்வலசை
17.3.2025

ஆனந்தவள்ளிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். உன் மதினியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

நம்ம அப்பா பொய் சொன்னாகன்னு எழுதிருக்கே. அருவியில தண்ணி வரலைன்னா முன்பணத்தைத் திருப்பிக் குடுத்து அனுப்புன மனுஷன். பக்கத்து வீட்டு மாங்காய் நம்ம வாசல்ல விழுந்தா எடுத்துக் குடுத்துட்டு வரச் சொல்லுவாக. அந்த மனுஷன் நாலு நாள் வாடகைக்கு ஆசைப்பட்டுக் கதை கட்டுனாகளாம். இதைச் சொல்லத்தான் உன்னைய அவ்வளவு படிக்கவச்சாக.

இதுவரை எனக்கு இது புதையல் கேஸ். இனிமே இது அப்பா கேஸ். பின்னறையைத் தோண்டி அங்க குடம் இருக்குன்னு காட்டுனா, அப்பா உண்மையைத்தான் சொன்னாகன்னு ஆகும். கொத்தனார் பேச்சிராஜிடம் சொல்லியாகிவிட்டது.

சங்கிலிப்பாண்டி


கோயம்புத்தூர்
26 மார்ச் 2025

அண்ணே,

அவசரமாக எழுதுகிறேன். போன் போட்டால் நீ எடுக்கவில்லை, மதினியின் போனையும் நீயே வைத்திருக்கிறாய் போலிருக்கிறது.

தோண்ட வேண்டாம் என்று எழுதப்போய் உன் கையில் நானே கடப்பாரையைக் கொடுத்துவிட்டேன் என்று புரிகிறது. அப்பாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை நேரில் வந்து பேசிக்கொள்ளலாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் கேள். அந்தப் பின்னறை முதலிலிருந்தே இருந்ததில்லை. கூட்டம் கூடியதால் அப்பா அதைப் பின்னால் சேர்த்துக் கட்டினார். அந்தத் தரை 'டொங்கு' என்கிறது என்றாயே, அறை கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று தயவுசெய்து ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசி. யோசித்துவிட்டு அப்புறம் தோண்டு.

வள்ளி


குத்துக்கல்வலசை
3.4.2025

தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பின்னறையை நாங்கள் முந்தாநாள் உடைத்தோம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலை பத்து மணியளவில் கொத்தனார் பேச்சிராஜும் நானும் மேற்படி இடத்துக்குப் போனோம். உன் மதினி மாரித்தாயும் வந்திருந்தாள். கையில் ரெண்டு எவர்சில்வர் குடம். "எதுக்குட்டி இது?"ன்னு கேட்டேன். "அது பழைய குடம்லா? ஓட்டையா இருந்தா எதுல மாத்துவீக?"ன்னா. உன் உளவாளி எந்தக் கட்சின்னு நீயே பார்த்துக்க.

தரையை உடைச்சோம். மண்ணை அள்ளுனோம். இடுப்பளவு ஆழம் போனதும் கடப்பாரை 'டங்'குன்னுச்சு. சிமெண்டுப் பலகை! பேச்சிராஜ் அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். உன் மதினி குலவை போடப் போனா, நான்தான் அக்கம்பக்கம் கேட்கும்னு தடுத்தேன். தேங்காய் உடைச்சு, சூடம் காட்டி, பலகையை நெம்பினோம்.

உள்ளே இருந்ததைப் பற்றி இக்கடிதத்தில் விவரிக்க விரும்பவில்லை. அறை கட்டுவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று யோசிக்கச் சொல்லியிருந்தாய். யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அந்தக் காலத்துக் கொல்லைக் கக்கூஸ். அதன் குழி.

பேச்சிராஜ் கடப்பாரையை விட்டுட்டே ஓடிட்டான். பக்கத்து வீட்டுக் குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி சுவருக்கு மேல தலையை நீட்டி, "என்ன வே சங்கிலி, புதையல் எடுத்தாச்சா? வாசம் இங்கன வரைக்கும் தூக்குதே"ன்னார். உன் மதினி ரெண்டு குடத்தையும் இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுமா எடுத்துக்கிட்டு, என்னைய அங்கனயே விட்டுட்டு பஸ் ஏறிட்டா. நான் வந்து சேர்ந்தப்ப வாசல்லயே பக்கெட்டும் சோப்பும் வச்சிருந்தா. தெருவே பார்க்க வெளியில நின்னு குளிச்சேன். ஒரு சப் இன்ஸ்பெக்டர்.

நீ இப்ப சிரிப்பே. சிரிச்சுக்கோ. எனக்குச் சிரிப்பு வரல. குழி நாறுனது அன்னைக்கோட போச்சு. அப்பா பொய் சொல்லிருக்காகளோன்னு நானே நினைச்சேன் பாரு, அதுதான் போகமாட்டேங்குது.

அண்ணன்


கோயம்புத்தூர்
12 ஏப்ரல் 2025

அண்ணே,

சிரித்தேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்துவிட்டு, வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். "சூடம் காட்டி" என்ற இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்புறம் கடைசி நாலு வரியை மறுபடி படித்தேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அப்பா கதை கட்டினார் என்று எழுதியது நான். அதை எழுதும்போது எனக்கு அது ஒரு விடை மட்டும்தான். கணக்கு சரியாக வந்துவிட்டது என்கிற சந்தோஷம். உனக்கு அது அப்பா என்பதை யோசிக்கவில்லை.

சரி, ஒன்று செய். நீ தோண்டினாய், விசாரிக்கவில்லை. எந்த ஸ்டேஷனில் அப்படிப் பழக்கினார்கள்? சுவருக்கு மேல் தலை நீட்டினாரே குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி, அவரும் நம் அப்பா மாதிரியே சீசனுக்கு வீடு விட்டவர்தானே? அவரிடம் ஒருநாளாவது கேட்டாயா? ஒரு காபியைக் குடித்துக்கொண்டு கேள். கடப்பாரை வேண்டாம்.

அடுத்தது என் விஷயம். ஜூன் இரண்டாவது வாரம் சாமான்களோடு வருகிறேன். நடு அறையிலும் பின்னறையிலும் எனக்குத் தரை வேண்டும். குழியை மூடி, மண் நிரப்பி, இடித்து, சிமெண்டு போட்டு. பத்திரம் பதிவதையும் அப்போதே முடித்துவிடலாம். அதில் மட்டும் இனிமேல் சாக்குச் சொல்லாதே. இந்த வீட்டை நம்பி இங்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். போவதற்கு எனக்கு வேறு இடமில்லை.

மதினியிடம் குடத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல். எனக்குக் குடிதண்ணீர் பிடிக்க வேண்டும்.

வள்ளி


குத்துக்கல்வலசை
4.6.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தேன்.

குற்றாலீஸ்வரன் அண்ணாச்சியிடம் நேரில் விசாரித்தேன். மனுஷனுக்கு எண்பதைத் தாண்டிட்டாலும் குரல் மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். கேட்ட உடனே எகிறிட்டார்.

"புதையலே எங்க வீட்டுதுதான் வே! எங்க வீட்ல தங்குன ராஜபாளையத்து ஆள் ஒருத்தன் எங்கனயோ கேள்விப்பட்டு என்கிட்டச் சொன்னான். தண்ணி இல்லாத சீசன்ல நானும் நாலு பேருகிட்டச் சொன்னேன், நாள் கடத்துதுக்கு. அதை உங்க அப்பன் சுவரு தாண்டிக் கொண்டுபோயிட்டான்."

"அப்பா உங்ககிட்ட வந்து கேட்டாகளா அண்ணாச்சி?"

"கேட்கலை. ஆனா என்ன நடந்துச்சு தெரியுமா? நான் வாய் வலிக்கச் சொல்லுதேன், ஏழு குடம், இளைய பொண்டாட்டின்னு. ஒரு பய நம்பல. 'அண்ணாச்சி சும்மா கதை விடுதாக'ன்னு சிரிக்கான். அதே ஆளு உங்க அப்பன்கிட்டப் போய்ப் பேசிட்டு வந்து, 'புதையல் அங்கனதான் இருக்கு'ங்கான். எங்க வீட்ல இருந்தவங்களே மறு வருஷம் உங்க வீட்டைக் கேட்டுப் போனாக வே! என்ன மாயம் பண்ணுனானோ!"

அந்த மாயம் என்னன்னு எனக்கும் விளங்கல. அடுத்தவர் வீட்டுக் கதையை எடுத்து அப்பா தன்னோடதுன்னு சொன்னாகன்னா அது நீ சொன்னதைவிட மோசம். மாங்காயையே திருப்பிக் குடுத்த ஆள். விசாரிக்காமலே இருந்திருக்கலாம். கேஸை மூடிட்டேன்.

தரை வேலை முடிந்தது. குழியை மண்ணடித்து நிரப்பி, பேச்சிராஜை நயந்து கூப்பிட்டு வந்து, ரெண்டு அறைக்கும் சிமெண்டு போட்டாச்சு. நடு அறை காஞ்சிருச்சு. பின்னறை கடைசியாப் போட்டது, பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தியிருக்கு. எவனும் மிதிச்சிரக்கூடாதுன்னு வாசல்ல நாற்காலி போட்டு நானே உட்கார்ந்திருக்கேன்.

முன்னறையை அருப்புக்கோட்டைக் குடும்பம் ஒண்ணுக்கு உன் மதினி வாடகைக்குக் குடுத்துட்டா. முதல் தடவையா குற்றாலம் வந்திருக்காக. சீசன் தொடங்கியும் சாரலைக் காணோம், அருவியில நூல் மாதிரிதான் வருது. பழைய கதை மறுபடி முளைச்சிரக்கூடாதுன்னு நான் ஆரம்பத்துலயே வெட்டிவிட்டுட்டேன். அவுக பையை இறக்கும்போதே சொல்லிட்டேன். "இந்த வீட்ல புதையல் கிதையல் ஒண்ணும் கிடையாது. ஏழு குடமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பின்னறையில இருந்தது கக்கூஸ் குழி. அங்க ஒருத்தரும் போகப்படாது." கண்டிப்பாச் சொன்னேன். மறுநாளும் ஞாபகப்படுத்தினேன்.

பத்திரத்துக்கு நீ வந்ததும் போவோம். சாக்கு சொல்லுதேன்னு எழுதிருந்தே. உண்மையைச் சொல்லிருதேன். ரிட்டயர் ஆனதுல இருந்து நான் உரிமையாப் போய் உட்கார்ற இடம் அது ஒண்ணுதான். இங்கன குத்துக்கல்வலசையில உன் மதினி ராஜ்யம். அதை உனக்கு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு அந்த வாசல்ல நான் விருந்தாளி. செருப்பைக் கழட்டிப்போட்டுட்டு 'உள்ள வரலாமா'ன்னு கேக்கணும். அதான் ஒவ்வொரு அறையா இழுத்துக்கிட்டே இருந்தேன் போல. போலீஸ்காரன் புத்தி, கேஸ் முடியாம இருந்தாத்தான் ஸ்டேஷன்ல வேலை.

ராயகிரியில் வயலைப் பார்க்க அடுத்த வாரம் போகிறேன், திரும்ப ஒரு வாரம் ஆகும். சாவி குற்றாலீஸ்வரன் அண்ணாச்சியிடம்.

அண்ணன்


குற்றாலம்
15 ஜூன் 2025

அண்ணே,

வந்துவிட்டேன். நீ ராயகிரியில் இருக்கும்போது வந்து இறங்கியது எனக்கே ஒருமாதிரி இருந்தது. மதினி இன்று உன்னைப் பார்க்க வருகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் சத்தம் போடுவாய், இதை முழுதாகக் கேட்க வேண்டும்.

தரை நன்றாக இருக்கிறது. பேச்சிராஜ் வாட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருக்கிறான், பாத்திரம் கழுவிய தண்ணீர் தானாகவே வாசலுக்கு நடந்து போகிறது. போகட்டும்.

முன்னறையில் அருப்புக்கோட்டைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். வியாழக்கிழமையே கிளம்ப வேண்டியவர்களாம். அருவியில் தண்ணீர் இல்லை, குரங்குகூட வரவில்லை, ஆனாலும் போகவில்லை. அந்த அம்மா, பார்வதியம்மாள், எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் அண்ணாச்சி தங்கச்சியா? ஒண்ணு கேக்கலாமா? எங்க இருக்கு?"

"எது?"

"அதாம்மா. ஏழு குடம்."

எனக்கு டீ புரையேறிவிட்டது. "யார் சொன்னது உங்களுக்கு? எங்க அண்ணனா?"

"அவரு எங்க சொல்றாரு! நாங்க பையைக்கூட இறக்கல, புதையல் கிடையாதுங்கிறாரு. அப்படி ஒண்ணு இருக்குறதா நாங்க கேள்விப்பட்டதே இல்லம்மா. மறுநாள் பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கிறேன், வந்து மறுபடி கிடையாதுங்கிறாரு. எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, ஒரு தடவை இல்லைன்னா நம்பிரலாம், இத்தனை தடவை சொன்னா எப்படி நம்புறதுன்னு. போலீஸ்காரரு, புது சிமெண்டு, வாசல்ல நாற்காலி போட்டுக் காவல். கக்கூஸ் குழிக்கு யாராவது காவல் இருப்பாங்களாம்மா?"

அண்ணே, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் ஹஃப்சாவுக்குப் போன் போட்டு, அவளுடைய வாப்பாவிடமே பேச வேண்டும் என்றேன். வயசாகிவிட்டது, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. அன்று வாசலில் உட்கார்ந்து எங்கள் அப்பா உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"உங்க வாப்பா ஒண்ணுமே சொல்லலம்மா. பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ அளந்துக்கிட்டு இருந்தார். அதைக் கேட்டுட்டு நான்தான் கேட்டேன், உங்க வீட்லயும் உண்டான்னு. 'இல்லவே இல்லை'ன்னாங்க. சிரிக்கலம்மா. 'எம் பிள்ளைங்க மேல சத்தியமா இல்லை'ன்னாங்க. நல்ல மனுஷன், ரெண்டு பிள்ளை மேல சத்தியம் பண்ணி மறைக்கணும்னா அடியில எவ்வளவு இருக்கும்னு நினைச்சேன்."

குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி கேட்ட மாயம் இதுதான். அவர் உண்டு உண்டு என்றார், சிரித்தார்கள். அப்பா இல்லை என்றார், நம்பினார்கள். அப்பா ஒரு பொய்யும் சொல்லவில்லை, அண்ணே. அடுத்த வீட்டிலிருந்து எதையும் எடுக்கவும் இல்லை. தண்ணீர் இல்லாத வருஷம், கதை, அப்பா என்று மூன்றையும் சேர்த்து நான் போட்ட கணக்கு தப்பு. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன். நீயும் அவரும் ஒரே மாதிரி. உங்கள் இருவரையும்போல உண்மையைச் சொல்லி ஊரைக் கெடுக்க வேறு யாராலும் முடியாது.

திங்கட்கிழமை பதிவு ஆபீஸுக்குப் போவோம். நீ எழுதிக் கொடு, நான் வாங்கிக்கொள்கிறேன், அதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் விருந்தாளி என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில்: புதுத் தரை உயர்ந்துவிட்டதால் பின்னறைக் கதவு உரசுகிறது, திறக்க முடியவில்லை. நடு அறை ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. தண்ணீர்த் தொட்டி மூடியைக் காணோம். இதையெல்லாம் எந்த வீட்டிலும் விருந்தாளியிடம் சொல்லமாட்டார்கள். உன்னிடம் இருக்கும் இன்னொரு சாவியை எனக்குத் தர வேண்டாம். எட்டு மணிக்குப் பேப்பர் முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடு. கதவைச் சீவ இழைப்புளியைக் கொண்டு வா.

அருப்புக்கோட்டைக்காரர் இன்று காலை பின்னறைத் தரையை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டியாக இருக்கிறதே என்று அவருக்குக் கவலை. அப்புறம், ரொம்ப ஆழத்தில் இருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நீ வந்ததும் உன்னைத்தான் வந்து கேட்பார். அவரிடம் என்ன வேண்டுமானாலும் சொல், அண்ணே. இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. தரை புதுசு.

வள்ளி